குளித்துவிட்டுத் திருடு போன பாய்

"தம்பி, இதைக் கொஞ்சம் நக்கிப் பாரு."

என் அண்ணி தரையைக் காட்டித்தான் சொன்னார். துப்பறிவது என்றால் துப்பாக்கி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். வந்து நாலு வருஷம் ஆகிறது. இதுவரை கிடைத்தது ஒரு டைரி, ஒரு பேனா. அன்றைக்குச் சிமெண்ட் தரை.

"அண்ணி, எனக்கு முப்பத்தி நாலு வயசு. பொண்ணு பாத்துக்கிட்டிருக்கீங்க. தரையை நக்கின மாப்பிள்ளைன்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்?"

"நக்காத மாப்பிள்ளைக்கே இதுவரைக்கும் எவனும் குடுக்கல. சீக்கிரம் பாரு, மணி மூணு அடிச்சாச்சு."

அண்ணி, அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பும் வந்த பிறகுமாக இருபது வருஷம் பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளராக இருந்தவர். காப்பி அடித்தவர்களைப் பிடித்துப் பிடித்து, ஓய்வு பெற்றபின் சும்மா உட்கார முடியாமல் துப்பறியும் நிலையம் ஆரம்பித்துவிட்டார். அவரிடம் வாதாடி ஜெயித்தவன் எவனும் இல்லை, என் அண்ணன் உட்பட.

கழுவும் இடத்தில், காற்றுப் படாத மூலையில் இன்னும் ஈரமாக இருந்த தரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"மண்ணு. கொஞ்சம் சோப்பு. உப்பு இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"நீங்க மொதல் மொதல்ல எங்க வீட்டுல சமைச்சீங்களே, அந்த மாதிரி. துளிகூட இல்ல."

அண்ணி முறைத்தார். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. "அப்ப நல்ல தண்ணி. இன்னிக்கு இங்க வேற யாரும் எதையும் கழுவலையாம். திருடினவன் பாயைக் கழுவிட்டுத் திருடியிருக்கான்."

நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எதற்குத் தரையை நக்கினேன் என்று நீங்கள் குழம்புவீர்கள்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது கடற்கரையில், பாய்ப்பலகை ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் கொட்டகை. ஒரு பலகை, அதன்மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். ஆள் நின்றபடியே பாயைப் பிடித்துக்கொண்டு காற்றில் போகவேண்டியது. இங்கே அதிலும் ஒரு படி மேலே. பலகைக்கு அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகடு, அதன் நுனியில் குட்டி விமானம் மாதிரி உலோக இறக்கை. வேகம் பிடித்ததும் இறக்கை பலகையைத் தூக்கிவிடும். பலகை தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் போகும். தண்ணீர் பிடித்து இழுக்காததால் அதற்குச் சின்னப் பாயே போதும். காற்று பலமாக இருந்தால் சின்னப் பாய்தான் வேண்டும். பெரிய பாயை மாட்டினால் காற்று ஆளையும் பாயையும் சேர்த்துத் தூக்கிக் கடாசிவிடும்.

அன்றைக்கு அடித்த காற்று சாதாரணக் காற்றில்லை. கொட்டகைக் கூரையில் காற்றை அளக்கும் கிண்ணங்கள் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. என் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் நாலு திசையில் நின்றன.

பள்ளியின் சொந்தக்காரர் ஒரு பெரியவர். வெள்ளை மீசை, கழுத்தில் விசில், விசில் கயிற்றிலேயே பள்ளியின் சாவி. மகன் கிடையாது, ரெண்டு மகள்கள், அதனால் ரெண்டு மருமகன்கள். ஓய்வு எடுக்கப்போகிறார். பள்ளியை யாருக்குக் கொடுப்பது? அவர் யோசித்த வழி, வருஷத்தின் பலமான காற்று அடிக்கிற நாளில், நாலு மணிக்கு, ரெண்டு மருமகனும் கடலில் இறங்கவேண்டும். தூரத்துச் சிவப்பு மிதவையைச் சுற்றி முதலில் திரும்புகிறவனுக்குச் சாவி. இறங்காதவன் தோற்றவன். மனிதர்கள் வக்கீலிடம் போய் உயில் எழுதுவார்கள். இவர் வானிலை அறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

மூத்த மருமகன் அங்கேயே பதினைந்து வருஷமாகப் பாய் தைத்து, ஒட்டுப்போட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். எல்லாரும் தையல்காரர் என்றே கூப்பிட்டார்கள். எலும்பும் தோலுமான ஆள். அவருடைய சகலை, அதாவது இளைய மருமகன், உடற்பயிற்சி நிலையம் வைத்திருக்கிறவர். பட்டப்பெயர் தண்டால். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு தனித் துப்பறிவாளர் வேண்டும்.

காணாமல் போனது தையல்காரர் தானே தைத்த மூன்று சதுர மீட்டர் பாய். அந்தக் கரையில் அவ்வளவு சின்னப் பாய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஐந்தரையும் அதற்கு மேலும். காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பாயைக் கம்பத்தோடு புல்லில் படுக்கப்போட்டுவிட்டு, பதினொன்றரை மணிக்கு மாமனார் கூப்பிட்டார் என்று ஓடியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால் கம்பம் இருக்கிறது, கைப்பிடிக் குழாய் இருக்கிறது, கயிறு அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பாய் இல்லை.

எங்களுக்குப் போன் செய்தது தையல்காரரின் மனைவி.

"காத்து தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றேன் நான், வந்ததும் வராததுமாக.

"காத்து முடிச்சை அவுத்து, கயித்தைச் சுத்தி வச்சுட்டா போகும்?" என்றார் அண்ணி. அன்றைய முதல் அடி அது.

தையல்காரர் பழுது பார்க்கும் மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஊசி, நூல், ஒட்டுத் துண்டுகள். சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. 'கழுவாமல் சுருட்டாதே. மடிக்கவே மடிக்காதே. வெயிலில் போடாதே.' கீழே சின்னதாக, 'மீறினால் கையை ஒடிப்பேன்.'

"சார் ரொம்ப அன்பானவர் போலிருக்கு," என்றேன்.

"பாய் விஷயத்துல மட்டும் இவர் ராட்சசன்," என்றார் மனைவி. பள்ளியின் வருகைப் பதிவேடு, காற்றுக் குறிப்பு, யார் எந்தப் பலகை எடுத்தார்கள் என்ற கணக்கு எல்லாம் அவர் கையில்தான். "உப்போட சுருட்டிட்டா பெத்த பிள்ளையைக்கூடத் திட்டுவாரு."

"மேடம், எனக்கு வேற எதுவும் தெரியாது," என்றார் தையல்காரர். "சகலை கையில இந்த இடம் போச்சுன்னா நாளைக்கே கொட்டகையைப் பிரிச்சு இரும்பு மெஷினா இறக்கிடுவான். பதினஞ்சு வருஷம். நான் எங்க போயி நிப்பேன்? காத்தடிக்கிறப்ப கடலைப் பாக்காம எனக்கு இருக்க முடியாது."

நான் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அவரிடம் நீட்டினேன். அண்ணி மட்டும் அவருடைய பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடி இறக்கை பழைய தோசைக்கல்லைக் கரண்டியால் கீறியது மாதிரி இருந்தது. இந்தக் கரையோரத்துல தண்ணிக்கடியில முழுக்கக் கல்லு, ஏறும்போதும் இறங்கும்போதும் உரசத்தான் செய்யும் என்றார் தையல்காரர்.

அடுத்து தண்டாலைப் பார்த்தோம். கொட்டகையின் மறுபக்கத்தில் கைகளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி மாமனார் உட்காரும் நாற்காலியும், இந்தக் காற்றில் யாரும் விரிக்கத் துணியாத பெரிய குடையின் நீள உறையும் கிடந்தன.

"அண்ணன் பாய் காணோமாமே? பாவம்," என்றார் தண்டால். "ஆனா சின்னப் பாயெல்லாம் சின்னப் பசங்களுக்குங்க. நான் அஞ்சரையிலதான் போவேன். ஆம்பளைன்னா அஞ்சரை."

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?" அண்ணி.

"ஆறு வருஷம். மூச்சு விடுற மாதிரி."

அவருடைய பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அடி இறக்கை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் பார்த்து நான் தலையைச் சீவிக்கொண்டேன். ஒரு கீறல்கூட முகத்தின் குறுக்கே வரவில்லை. பொருளை இப்படியல்லவா வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் மெச்சினேன். அண்ணி என்னையும் பார்த்தார், இறக்கையையும் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் கழுவும் இடத்துக்கு வந்து என் நாக்கு வேலை செய்தது.

இப்போது எனக்கு மூளையும் வேலை செய்ய ஆரம்பித்தது. அண்ணியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது. எவனாவது திருடப்போற பொருளைக் குளிப்பாட்டுவானா? பழக்க தோஷம் இருக்கறவங்கதான் பண்ணுவாங்க. பாயைக் கழுவுற பழக்கம் யாருக்கு இருக்கு? தையல்காரருக்கு. அவரு பொண்டாட்டிக்கு. அவரு திருட மாட்டாரு. அப்ப?"

"அப்ப?"

"அந்தம்மாதான். போன வருஷம் பெருங்காத்துல இவரு ரெண்டு விலா எலும்பை ஒடிச்சுக்கிட்டாராம். பள்ளிக்கூடம் போனாப் போகட்டும், புருஷன் இருந்தாப் போதும்னு ஒளிச்சு வச்சிட்டாங்க. சந்தேகம் வரக்கூடாதுன்னு நம்மளையும் கூப்பிட்டாங்க. எப்படி?"

"யோசிச்சியே, அதுவே பெரிசு," என்றார் அண்ணி. "ஆனா தப்பு. இங்க வா."

புல்லில் கிடந்த கம்பத்தைக் காட்டினார். ரெண்டு துண்டைச் செருகி ஒன்றாக்கிய கம்பம். பொருத்தில் மணலும் உப்பும் அப்பிக்கிடந்தன. கைப்பிடிக் குழாயிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"பாயைக் குளிப்பாட்டின கை கம்பத்தை ஏன் தொடல? பொருத்துல மணல் ஏறினா ரெண்டு துண்டும் இறுகிக்கிட்டு கழட்டவே முடியாதாம். அந்தம்மா மொதல்ல கம்பத்தைத்தான் கழுவும், அப்புறம்தான் பாய். கேட்டுட்டேன்."

"அப்ப யாரு?"

அண்ணி மணியைப் பார்த்தார். மூன்றே முக்கால். "பரீட்சை ஹால்ல ஒரு வித்தை உண்டு. காப்பி அடிக்கிறவனைத் தேடக்கூடாது. 'இன்னும் பத்து நிமிஷத்துல எல்லாரையும் சோதனை போடப்போறோம்'னு கத்தணும். எவன் மொதல்ல தண்ணி குடிக்கிறான்னு பாக்கணும். மடியில கனம் இருந்தா வழியில பயம்."

கொட்டகை வாசலில் போய் நின்று அண்ணி குரலெடுத்தார். காற்றையும் மீறி அந்தக் குரல் கேட்டது. இருபது வருஷப் பரீட்சை ஹால் குரல் அது.

"பாய் கிடைக்கல! நேரம் இல்ல! தையல்காரரே, அஞ்சரை மீட்டர் பாயை மாட்டுங்க. அதுலயே இறங்குங்க!"

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பெரியவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். தையல்காரர் ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து போய் ஐந்தரையை இறக்கி, கம்பத்தில் செருக ஆரம்பித்தார்.

நான் தையல்காரரின் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ கத்தப்போகிறார், இதோ ஓடப்போகிறார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. புருஷன் பக்கத்தில் போய் இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டார். "ஒங்க இஷ்டம். நான் தடுக்கல. ஆனா முழுசாத் திரும்பி வரணும், சொல்லிட்டேன்," என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான். ஒளித்து வைத்த பாயை எடுக்க எங்கேயும் ஓடவில்லை.

"ஐயோ அண்ணே, போகாதீங்க!"

கத்தியது தண்டால்.

அந்த மலை மாதிரி ஆள் ஓடிவந்து தையல்காரரின் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அஞ்சரையில இந்தக் காத்துலயா? சில்லு சில்லாப் போயிடுவீங்க! வேண்டாம், சொன்னாக் கேளுங்க!"

"ஏங்க," என்றார் அண்ணி, ரொம்ப மரியாதையாக. "நீங்களும் அஞ்சரையிலதானே போறதாச் சொன்னீங்க?"

தண்டால் கம்பத்தை விட்டார்.

"அது... நான்... அண்ணன் இறங்கினா நானும் ஆழத்துக்குப் போகணுமே!" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷம் ஓட்டியவருடைய இறக்கையில் ஒரு கீறல் இல்லை. நான் வேறு அதில் பார்த்து தலை சீவியிருக்கிறேன்! என் கையாலேயே என்னைக் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பலகையைத் தண்ணியில வச்சதே இல்ல, அப்படித்தானே?" என்றார் அண்ணி.

"முழங்கால் தண்ணி வரைக்கும் போயிருக்கேன்," என்றார் தண்டால். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, கடல் தண்ணீர் இல்லை. "கூட்டம் பாக்கிறப்ப மட்டும். எனக்கு ஆழம்னாலே ஆகாதுங்க. மாமாகிட்ட எப்படிச் சொல்றது? இந்த உடம்பை வச்சுக்கிட்டு பயம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? சின்னப் பாய் இல்லேன்னா அண்ணன் இறங்க மாட்டாருன்னு நெனச்சேன். அவரு இறங்கலேன்னா நான் முழங்கால் தண்ணியில காலை நனைச்சாலே ஜெயிச்சிடலாம்னு..."

"பாய் எங்க?" என்றார் தையல்காரர். அவருக்கு வேறு எதுவுமே காதில் விழவில்லை.

தண்டால் கையைக் காட்டினார். மாமனாரின் குடை உறை! குடை நாற்காலிக்குப் பின்னால் அம்மணமாகக் கிடந்தது. இந்தக் காற்றில் யாரும் குடையைத் தேட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். உடம்பில் ஏறாத மூளை எங்கேயோ கொஞ்சம் ஒதுங்கி இருந்திருக்கிறது.

"அதெல்லாம் சரி," என்றேன் நான். "எதுக்குய்யா கழுவினே?"

தண்டால் தையல்காரரைப் பயத்தோடு பார்த்தார். "அண்ணன் சுவத்துப் பலகையில எழுதி வச்சிருக்காரே. உப்போட சுருட்டினா கையை ஒடிப்பேன்னு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்தத் திட்டுத்தான். கை தானாக் கழுவிடுச்சு. மடிக்கல அண்ணே, சுருட்டித்தான் வச்சேன். நிழல்லதான் வச்சேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "வேலை செஞ்சு கத்துக்கிட்டவங்க எல்லாத்தையும் கழுவுவாங்க. திட்டு வாங்கிக் கத்துக்கிட்டவன் திட்டினதை மட்டும் கழுவுவான். பலகையில கம்பத்தைப் பத்தி ஒரு வரி இல்ல, பாத்தியா?"

தையல்காரர் உறையிலிருந்து பாயை உருவினார். விரித்து, வெளிச்சத்தில் தூக்கி, ஓரம் ஓரமாகத் தடவினார். அடிக்கப்போகிறார் என்று நான் ரெண்டடி தள்ளி நின்றேன்.

"நல்லாத்தான்டா சுருட்டியிருக்கே," என்றார். குரல் உடைந்தது. "நுனியை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கணும்."

பெரியவர் பலமாக விசில் ஊதினார். "இளையவன் அவுட்! திருட்டுப் பயலுக்குச் சாவி கிடையாது. போட்டியே வேண்டாம். மூத்தவனே, பள்ளிக்கூடம் ஒனக்குத்தான். வந்து வாங்கிக்க!"

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஐந்தரையைக் கழற்றி மூன்றை மாட்டத் தையல்காரருக்கு மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது தையல்காரர் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார். மறுபடி கண் சிமிட்டுவதற்குள் பலகைமேல் ஏறிவிட்டார்.

நான் கடலைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்ததை எங்கள் வீட்டில் இன்னும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கைக்குட்டை மாதிரி ஒரு பாய். அதைப் பிடித்துக்கொண்டு ரெண்டு தடவை உலுக்கினார். பலகை தண்ணீரை விட்டு எழும்பியது. சத்தமே இல்லை. கீழே அலை கொந்தளிக்கிறது, மேலே ஒரு ஒல்லி மனிதர் யாரோ தூக்கிக்கொண்டு போவதுபோல் போகிறார். சிவப்பு மிதவையைச் சுற்றினார். திரும்பி வந்தார். கரைக்கு வரப்போகிறார் என்று எல்லாரும் கை தட்டினோம். அவர் அப்படியே வளைந்து மறுபடி மிதவைக்குப் போனார்.

"மாப்ள! ஜெயிச்சாச்சு! வா!" என்று பெரியவர் கத்தினார்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பெரியவர் சாவியோடு கரையில் நின்றார். காற்றில் மீசை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தையல்காரர் ஏழாவது தடவையாக மிதவையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இவன்?" என்றார் பெரியவர் மூத்த மகளிடம். "காத்தடிச்சா இவன் கரையில இருக்க மாட்டான் போலிருக்கே."

"இருக்க மாட்டாருப்பா. விலா ஒடிஞ்சப்ப தவிர இந்தப் பதினஞ்சு வருஷத்துல ஒருநாள்கூட இருந்ததில்ல."

"காத்தடிக்கலேன்னா பள்ளிக்கூடத்துக்கு எவன் வருவான்?"

"யாரும் வர மாட்டாங்க."

"அப்பக் காத்தடிக்கிற நாள்லயெல்லாம் கொட்டகையைத் திறந்து, பேரு எழுதி, பசங்களை இறக்கி, ஏத்தி, கணக்குப் பாத்தது யாரு?"

மகள் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. காற்றில் தாள் பறக்காமல் இருக்க அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் கையிலிருந்த சாவிக் கயிற்றைப் பிரித்தார். "மகன் இல்லையேன்னு மருமகன்களைக் கடல்ல தள்ளிக்கிட்டு நின்னேன் பாரு. என்னைச் சொல்லணும்," என்றார். பிறகு விசில் கயிற்றோடு சாவியை மகள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அந்தம்மா அழுதார். சத்தம் போட்டே அழுதார். மணலில் உட்கார்ந்திருந்த தண்டாலும் சேர்ந்து அழுதார். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மணல்தான் என்று அண்ணியிடம் சொன்னேன்.

எட்டாவது சுற்றில் தையல்காரர் கரைக்கு ரொம்ப அருகில் வந்தார். பாய்க்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"ஏம்மா! ஜெயிச்சிட்டேனா?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் ரெண்டடி இறங்கிப் போய், கழுத்திலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க இல்ல! நான் ஜெயிச்சிட்டேன்!"

தையல்காரர் ஒரு விநாடி சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அப்பாடா! அப்பச் சரி!" என்று கத்திவிட்டு, மறுபடி கடலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.